கார்த்திகையில் பழுத்த பலா

அத்தியாயம் 14

போன வாரம் புஷ்பவள்ளியை மோட்டார் கொட்டகை வாசலில், கையில் கடப்பாரையோடு நிறுத்திவிட்டு வந்தோம். நல்லவேளை, அவள் இன்னும் ஓங்கவில்லை. பூட்டைப் பார்த்து மலைத்துப் போய் நின்றுகொண்டிருந்தாள்.

பூட்டு என்றால் அப்படிப்பட்ட பூட்டு. சிதம்பரத்து நகைக்கடைகளில்கூட அத்தனை பெரிய பூட்டு கிடையாது. தூக்கி மாட்ட இரண்டு ஆள் வேண்டும்; சாவியைத் திருப்ப மூன்றாவது ஆள். முப்பது வருஷமாகத் துண்டுக் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்த கதவு அது. உள்ளே இருந்ததோ ஒரு பழைய மோட்டாரும், அதை நம்பிக் குடும்பம் நடத்தும் நாலு பல்லிகளும். பல்லிகளை யார் திருடப் போகிறார்கள்?

அதுவும் இன்றைக்குப் பார்த்துப் பூட்டு. இன்று காலை பத்து மணிக்குச் சோதனை.

வெள்ளாம்பூண்டியில் இருபத்திரண்டு குடும்பங்கள் ரசாயன உரத்தைக் கைவிட்டு இது மூன்றாவது வருஷம். புதன்கிழமைதோறும் சிதம்பரத்திலிருந்து மாலதி என்ற பயிற்சியாளர் ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். இருபத்தெட்டு வயசுதான் இருக்கும். உட்கார வைத்துப் பாடம் நடத்தும் வழக்கமே அவளிடம் கிடையாது. "கையை விடுங்க சார்" என்பாள். பேரன் பேத்தி எடுத்த மனிதர்கள் மறுபேச்சில்லாமல் முழங்கை வரை சாணிக்குள் கையை விடுவார்கள். விதை நேர்த்தி, சாணமும் கோமியமும் கலக்கும் அமிர்தக் கரைசல், பஞ்சகவ்யம், எல்லாவற்றையும் அவரவர் கையாலேயே செய்துதான் கற்றார்கள்.

போதாததற்கு வியாபாரப் பயிற்சி. எல்லோரையும் கடலூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், மஞ்சக்குப்பம் மைதானத்துக் கண்காட்சியில் ஒரு பெஞ்சைக் கொடுத்து, "இப்ப வித்துக் காட்டுங்க" என்று விட்டுவிட்டாள். ஊருக்குத் திரும்பியதும் வீட்டுப்பாடம் வேறு: வீட்டில் ஒரு பொருள் தயாரிக்க வேண்டும், அதற்குப் பத்து வாடிக்கையாளர் பிடிக்க வேண்டும். புஷ்பவள்ளி இட்லிப்பொடி இடித்து மூன்றே நாளில் பத்துப் பேரைப் பிடித்துவிட்டாள். அவள் கணவன் தில்லைநாதன் நோட்டை நெஞ்சோடு சேர்த்து மூடிவைத்துக்கொண்டு, "ஆயிட்டிருக்குது, ஆயிட்டிருக்குது" என்று மட்டும் சொன்னான்.

இந்த அறுவடையோடு குழுவுக்குச் சான்றிதழ். அது வந்துவிட்டால் பெங்களூர் கம்பெனிக்காரர்கள் களத்துக்கே வந்து நெல்லை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சான்றிதழ் தனித்தனி ஆளுக்கு இல்லை. குழு முழுமைக்கும் ஒன்று. யாராவது ஒருத்தர் வயலில் ஒரு கைப்பிடி யூரியா விழுந்தாலும் போச்சு. இருபத்திரண்டு பேரும் மறுபடி முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அதனால் ஒருவர் வயலை ஒருவர் சோதித்து எழுத வேண்டும் என்று மாலதி விதி வைத்தாள். உறவுக்காரர் உறவுக்காரரைப் பார்க்கக் கூடாது என்றாள் முதலில். அப்படிப் பார்த்தால் வெள்ளாம்பூண்டியில் யாரும் யார் வயலிலும் கால் வைக்க முடியாது என்று தெரியவந்தது. கடைசியில் ராமாமிர்தம்தான் வழி சொன்னார். குழுவில் மூத்தவர், தில்லைநாதனுக்குப் பங்காளி வழியில் சித்தப்பா. சட்டம் பேச ஆரம்பித்தால் ஹைகோர்ட்டே நோட்டு எடுத்து எழுதிக்கொள்ளும்.

"பங்காளி வேணாம்மா. ஒண்ணு மறைப்பான், இல்லாட்டி இல்லாததச் சொல்லுவான். மாமன் மச்சான் பாக்கட்டும். மச்சான் பார்வை எக்ஸ்ரே மாதிரி" என்றார்.

சபை கை தட்டியது. சீட்டுக் குலுக்கினார்கள். தில்லைநாதன் வயலைச் சோதிக்கும் சீட்டு, புஷ்பவள்ளியின் சொந்த அண்ணன் சடையப்பன் கைக்குப் போனது.

சடையப்பன் எப்பேர்ப்பட்டவர் என்றால், கல்யாணப் பந்தியில் அப்பளம் ஒரு பக்கம் கருகியிருந்தாலும் எழுந்து நின்று அறிவிக்கக் கூடியவர்.

புஷ்பவள்ளி பயந்தது அண்ணனுக்கு அல்ல, வயலுக்கு. பயிர் பச்சையாக இருந்தால் சந்தோஷப்படலாம். அவர்கள் வீட்டு இரண்டு ஏக்கர் கறுத்து நின்றது. காக்கை வந்து உட்கார்ந்தால் அது காக்கையா தாளா என்று தெரியாத கறுப்பு. ஊரில் இன்னும் சில வயல்களும் இந்த வருஷம் அப்படித்தான் நின்றன. அதனாலேயே வெள்ளாம்பூண்டியில் இப்போது யாரும் நேராகப் பார்த்து நடப்பதில்லை. வரப்பில் போகிற ஒவ்வொருவரும் அடுத்தவர் வயலை ஓரக்கண்ணால் அளந்துகொண்டே போனார்கள். ஊர் முழுக்கவே கழுத்துச் சுளுக்கு.

யூரியா என்பது அவளுடைய முதல் சந்தேகம்.

இரண்டாவது சந்தேகத்தை மருமகள் காயத்ரி கொண்டுவந்தாள். மளிகைக்கடைக்காரர் அவளிடம், "உங்க வூட்ல என்னாம்மா விசேசம்? மாமா முப்பது கிலோ வெல்லம் வாங்கிட்டுப் போறாரே" என்று விசாரித்திருக்கிறார். முப்பது கிலோ வெல்லம் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. வெல்லமும் பூட்டிய கொட்டகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் போலீஸ்காரரிடம் கேட்டால் தெரியும். சாராயம்!

மூன்றாவது சந்தேகம் தில்லைநாதனின் செல்போனில் வந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அடித்தது. எடுத்தாள். ஒரு பெண் குரல், அவசரமாக: "சவரியம்மா பேசறேன். உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், எப்ப வர்ற?"

புஷ்பவள்ளி மூச்சுக்கூட விடாமல் போனை வைத்துவிட்டாள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு வாசனை. பதினைந்து நாளாகத் தில்லைநாதன் வயலிலிருந்து வரும்போதெல்லாம் அவன் சட்டையில் பலாப்பழம் மணந்தது. லேசாக அல்ல, பண்ருட்டி மார்க்கெட்டில் லாரி கவிழ்ந்தது போல. சித்திரை வைகாசி என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. இது கார்த்திகை. கார்த்திகை மாசத்தில் எந்தப் பண்ருட்டியில் பலா பழுக்கிறது?

யூரியாவா, சாராயமா, சவரியம்மாளா? மூன்றுமே சேர்ந்தும் இருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. சவரியம்மாளுக்குப் பலாப்பழம் வாங்கிக் கொடுக்க, சாராயம் விற்று, யூரியா போட்டு...

"அத்தை! கடப்பாரைய கீழ போடுங்க, மாமா பாலத்துகிட்ட வந்துட்டாரு!" காயத்ரி வரப்பில் ஓடிவந்தாள்.

புஷ்பவள்ளி கடப்பாரையை வைக்கோல் போருக்குள் சொருகிவிட்டு, களை பிடுங்குகிறவள் போலக் குனிந்துகொண்டாள். அந்த இடத்தில் களையே இல்லை. நல்ல பயிரையே நாலு பிடுங்கிவிட்டாள்.

தில்லைநாதன் டி.வி.எஸ். வண்டியை நிறுத்தினான். ஹேண்டிலில் காலி கேன் ஒன்று தொங்கியது. அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சிரிப்பை எடுத்து மாட்டினான். அது சரியாகப் பொருந்தவில்லை.

"என்னா புஷ்பா, இந்நேரத்துக்கே வயல்ல?"

"சோதனை நாளாச்சே. நீங்க எங்க போய்ட்டு வர்றீங்க?"

"சும்மா... கிள்ளை பக்கம்."

"கிள்ளையில யாரு நமக்கு?"

"யாருமில்ல. காத்து நல்லா இருந்துச்சு."

"ஒம்பது கிலோமீட்டர் போயி காத்து வாங்குனீங்களா? நம்மூர்ல காத்து தீந்து போச்சா?"

"கடல் காத்து வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு அவன் பம்புசெட்டுத் தொட்டியில் கை கால் முகம் கழுவினான். கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். ஆறு மாசத்துக்கான சோப்பு அன்றைக்கே தீர்ந்தது.

"கொட்டகைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பூட்டு?"

"மோட்டார் திருட்டு ஜாஸ்தியாயிடுச்சு."

"அந்த மோட்டாரத் திருடுறவன் நமக்குக் காசு குடுத்துட்டுல்ல போவணும்!"

காயத்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் பார்த்த பார்வையில் இட்லிக்குச் சட்னி அரைக்க வேண்டும் என்று நினைவு வந்து, வீட்டைப் பார்க்க ஓடினாள்.

பத்து மணிக்குச் சடையப்பன் வந்தார். நெற்றி நிறைய விபூதி, கக்கத்தில் ஃபைல், சட்டைப் பையில் மூன்று பேனா. கையில் இலை வண்ண அட்டை. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஆறு பட்டை போட்ட பிளாஸ்டிக் அட்டை அது. இலையை அதன்மேல் வைத்துப் பார்த்தால் பயிர் எவ்வளவு சத்துத் தின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். மாலதி எல்லோர் கையிலும் கொடுத்துப் பழக்கியிருந்தாள்.

"வாங்க மச்சான்" என்றான் தில்லைநாதன். குரல் தரையில் ஊர்ந்தது.

"வேலைய மொதல்ல பாப்போம் மாப்ள. உறவெல்லாம் அப்பறம்" என்றார் சடையப்பன்.

அவர் வயலில் இறங்கி ஒரு இலையை எடுத்து அட்டையில் வைத்தார். புஷ்பவள்ளி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஆறாவது பட்டையைவிட இலை கறுப்பாக இருந்தது. ஏழு, எட்டு என்று பட்டை இருந்தால் அங்கே போய் நின்றிருக்கும்.

தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாலு" என்றார் சடையப்பன்.

புஷ்பவள்ளி கண்ணைத் திறந்தாள். அண்ணன் உண்மையாகவே ஃபாரத்தில் நாலு என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டியா?"

"ஏன்?"

"அது ஆறு தாண்டி நிக்குது."

"வெயில்ல அப்பிடித்தான் தெரியும்."

வானத்தில் மருந்துக்கும் வெயில் இல்லை. மூன்று நாளாக மழை மூட்டம். அப்பளத்தில் ஒரு புள்ளி கருகலை விடாத மனிதன், இரண்டு ஏக்கர் கறுப்பைக் கண்டும் காணாமல் போகிறார் என்றால்?

புஷ்பவள்ளியின் சந்தேகம் அதுவரை ஒரு ஆள்மேல் உட்கார்ந்திருந்தது. இப்போது எழுந்து இரண்டு தோளிலும் காலைப் போட்டுக்கொண்டது.

"இடுபொருள் என்னா மாப்ள?" என்று கேட்டார் சடையப்பன், ஃபாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அமிர்தக் கரைசல். பஞ்சகவ்யம்."

"எழுதிக்கிட்டேன். வெளியில வாங்குனது ஒண்ணும் இல்லைல்ல? வாங்கியிருந்தா வித்தவன் கையெழுத்து வேணும். இல்ல. சரி, முடிஞ்சிது. கிளம்பறேன்."

"கொட்டகை?" என்றாள் புஷ்பவள்ளி.

"அதுல என்னா இருக்குது, மோட்டார்தான?"

"வயல்ல பூட்டியிருக்கிற எடம் எதுவா இருந்தாலும் தொறந்து பாக்கணும்னு மாலதி சொல்லல? நீதான அன்னிக்கு எந்திரிச்சு, 'பீரோவையும் பாக்கணும்'னு கேட்டவன்?"

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவள் பிடித்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் சேந்துதான் யூரியா போட்டீங்களா?"

"புஷ்பா, சத்தம் போடாத" என்றார் அண்ணன்.

"சாவியக் குடுங்க."

"சாவி தொலஞ்சு போச்சு" என்றான் கணவன்.

"சட்டைப் பையில துருத்திக்கிட்டு நிக்குது!"

தில்லைநாதன் பையைக் கையால் பொத்திக்கொண்டான். ஒரு முடிவுக்கு வந்தவன் போலச் சொன்னான்:

"சரி, யூரியான்னே வச்சுக்க. போட்டேன். யூரியாதான் போட்டேன். எழுதிக்கங்க மச்சான்."

"யோவ் மாப்ள!" சடையப்பன் கையிலிருந்து பேனா சேற்றில் விழுந்தது. "இருபத்திரண்டு குடும்பம்யா! என்னா பேச்சுப் பேசற?"

புஷ்பவள்ளி கறுத்த பயிரைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷம். முதல் வருஷம் பாதி விளைச்சல்கூட இல்லை. தாலிக்கொடி தவிர எல்லாம் அடகுக்குப் போனது. இரண்டாவது வருஷம் வீட்டுக்கு வீடு பழைய சோறு. இருபத்திரண்டு வீட்டின் மூன்று வருஷத்தையும் தூக்கித் தண்ணீரில் எறிய இந்த மனுஷன் தயார். கதவைத் திறக்கத் தயாரில்லை. அப்படியானால் உள்ளே இருப்பது யூரியாவைவிடப் பெரிய பாவம்.

அவள் வைக்கோல் போரை நோக்கி நடந்தாள். கடப்பாரையோடு திரும்பி வந்தாள்.

"புஷ்பா! புஷ்பா!"

ஓங்கி ஒன்று போட்டாள். பூட்டு அசையவில்லை, அது உலகம் அழிந்தாலும் அசையாது. அசைந்தது கதவு. முப்பது வருஷக் கதவு, கீல் பக்கமாகக் கழன்று, பூட்டையும் தூக்கிக்கொண்டு உள்பக்கம் மல்லாந்து விழுந்தது.

பலாப்பழ வாசனை வெளியே ஓடிவந்து மூவரையும் கட்டிப் பிடித்தது.

மூலையில் ஒரு நீல பேரல். வாய்க்குத் துணி கட்டியிருந்தது. பக்கத்தில் ஐந்து லிட்டர் கேன்கள் வரிசையாக. புஷ்பவள்ளி துணியை அவிழ்த்தாள். உள்ளே தேன் நிறத்தில் தளதளவென்று ஏதோ. சாராயம்தான் என்று தீர்மானித்தாள். ஆனால் மாலதியிடம் மூன்று வருஷம் படித்தவள் இல்லையா? கையை விட்டுப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

விரலை விட்டாள். முகர்ந்தாள். நாக்கு நுனியில் தொட்டு வைத்தாள்.

இனித்தது.

"துப்புடி!" என்று அலறினான் தில்லைநாதன். "துப்பு! துப்பு! அது மீனு!"

புஷ்பவள்ளியின் வீடு எப்படிப்பட்ட சைவம் என்றால், பஸ்ஸில் மீன்கூடை ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவரும் குடும்பம். அவளுடைய அத்தை ஒருத்தி, தினசரியில் மீன் படம் போட்டிருந்த பக்கத்தைக்கூடப் பிரிக்காமலே வாழ்ந்து முடித்தவள். புஷ்பவள்ளியைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் இவர்கள் கேட்ட முதல் கேள்வியே, "உங்க தெருவுல மீன்காரி கூவுவாளா?" என்பதுதான்.

அந்தப் பரம்பரையின் நாக்கில் இப்போது மீன்.

அவள் பம்புசெட்டுத் தொட்டிக்கு ஓடினாள். கொப்பளித்த கொப்பளிப்பில் தொட்டியில் பாதி காலி. பிறகு மண்ணைத் தொட்டு நாக்கில் தேய்த்தாள். பிறகு மறுபடி கொப்பளித்தாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. தில்லைநாதன் மோட்டாருக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

"சொல்லுங்க."

"மாலதி மீன் அமிலம் பாடம் எடுத்தன்னிக்கு நீங்கள்லாம் என்னா பண்ணுனீங்க? சைவ வூட்டுக்காரங்க அத்தினி பேரும் மூக்கப் பொத்திக்கிட்டு டீக்கடைக்கு ஓடிட்டீங்க. எனக்குக் கால் மரத்துப் போச்சு, எந்திரிக்க முடியல. காதுல விழுந்துடுச்சு. நான் என்னா பண்ணட்டும்?"

"என்னா விழுந்துச்சு?"

"மீன் கழிவும் வெல்லமும் சரிக்குச் சரி போட்டு, மூடி வச்சிடணும். இருபத்தஞ்சு நாளு ஆச்சுன்னா மீன் வாசனையே இருக்காது, பழ வாசனை வந்துடும். தண்ணியில கலந்து அடிச்சா யூரியால்லாம் இதோட கால்தூசு பெறாது. மூணு வருசமா பயிரு மஞ்சளாவே நிக்குதே, ஒருக்கா பாப்போம்னு போட்டேன். கறுகறுன்னு எந்திரிச்சுது புஷ்பா. எனக்கே பயமாப் போச்சு."

"சவரியம்மா?"

"கிள்ளையில மீன் சுத்தம் பண்ற அம்மா. எழுவது வயசு. தலை, கொடலு, செதிலெல்லாம் எனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கும்."

எழுபது வயசு என்று கேட்டதும் புஷ்பவள்ளிக்கு உள்ளே ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா மீனு தொட்ட இந்தக் கைக்குச் சோறு போட்டிருப்பியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். போட்டிருக்க மாட்டாள். வெளிப்பக்கம் இலை போட்டிருப்பாள். அதுவும் மனசு வந்தால்.

"சரி, தொறந்தாச்சு, பாத்தாச்சு" என்றார் சடையப்பன், கைகளைத் தட்டிக்கொண்டு. "பஞ்சகவ்யம்னு எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேணாம்."

புஷ்பவள்ளி மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். தேவாரக் குழுவுக்குத் தலைவர். வருகிற மார்கழி ஒன்றாம் தேதி முதல் ஜால்ராவோடு தெருவில் முன்னால் நடந்து பாடப் போகிறவர். அப்படிப்பட்டவர் மீன் பேரலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். மூக்கைப் பொத்தவில்லை. துண்டுகூட வாய்க்குப் போகவில்லை.

"உனக்கு ஏண்ணே கொமட்டல?"

"எனக்கா? ஜலதோசம்."

"ஜலதோசமா? பொய்யா எழுதுனா அதுக்கே குழுவ நீக்கிடுவாங்கன்னு படிச்சோமே. மீனு தப்பில்ல. மீனுன்னு எழுதுனா சான்றிதழுக்கு ஒண்ணும் ஆவாது. எழுது, எங்க வயல்லதான எழுதற? எங்க மானம்தான போவுது?"

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எல்லா ஃபாரத்தையும் சத்தமா வாசிப்பாங்க புஷ்பா."

"வாசிக்கட்டும். ஒனக்கு என்னா?"

சடையப்பன் பூமியைப் பார்த்தார். தில்லைநாதனும் பூமியைப் பார்த்தான். பூமியில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அண்ணே... நீயுமா?"

"வாரம் அஞ்சு லிட்டரு" என்றான் தில்லைநாதன், மோட்டாருக்குப் பின்னாலிருந்து.

"யோவ்!"

"இனிமே மறச்சு என்னா பண்றது மச்சான்? வீட்டுப்பாடம்னு ஒண்ணு இருந்துச்சுல்ல. ஒரு பொருளு, பத்து வாடிக்கை. எனக்குப் பதினொண்ணு ஆயிடுச்சு." அவன் சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தான். அந்த நேரத்திலும் அவன் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "பதினொண்ணும் சைவ வூடு. மத்தவங்களுக்குக் காய்ச்சத் தெரிஞ்சாலும் தேவையில்ல, மாட்டுச்சாணம் போதும்னு விட்டுட்டாங்க."

"பதினொண்ணா?" சடையப்பனின் முகம் அந்த வயலின் நிறத்துக்குப் போனது. "எனக்கு மட்டும்தான்னு சொன்னியே மாப்ள! சாமி மேல சத்தியம் பண்ணுனியே!"

"பதினோரு பேருகிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன் மச்சான். அவுங்களும் எங்கிட்ட சத்தியம் வாங்குனாங்க."

புஷ்பவள்ளிக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. பதினோரு வீட்டுச் சமையலறையும், பதினோரு வீட்டு விபூதி மடலும், பதினோரு வீட்டுக் கொல்லையில் தெரியாமல் ஒளித்துவைத்த ஐந்து லிட்டர் கேனும் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொமட்டல் என்று இருவரும் நினைத்தார்கள்.

அப்போது சடையப்பனின் சைனா செல்போன் அடித்தது. அது அடித்தால் பிச்சாவரத்துப் படகுக்காரர்கள் தங்கள் பையைத் தடவிப் பார்ப்பார்கள். பேசுகிறவர் குரலும் அப்படியே ஊருக்கெல்லாம் கேட்கும்.

"மாப்ள, ராமாமிர்தம் பேசறேன்." ஊரில் அந்த நேரம் சடையப்பன் வயலைச் சோதித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். "ஒன் பொஞ்சாதிய கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது, அவரக் கேளுங்கங்குது. ஒன் வயலு ஆறு தாண்டி நிக்குதேய்யா. என்னா போட்ட? யூரியாவா? ஒரே வார்த்தையில சொல்லு, பேனாவத் தொறந்து வச்சிருக்கேன்."

சடையப்பன் வாயைத் திறந்தார். வெறும் காற்று வந்தது. மார்கழியும் ஜால்ராவும் அவர் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தன.

"மாப்ள? யூரியான்னு எழுதிக்கவா?"

புஷ்பவள்ளி அண்ணன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"மாமா, நான் புஷ்பவள்ளி. யூரியா இல்ல. மீன் அமிலம். எங்க வூட்டுக்காரருதான் காய்ச்சிக் குடுக்கறாரு. எங்க வயலுக்கும் அதான். வித்தவரு கையெழுத்து வேணும்னா இப்பவே போட்டுக் குடுப்பாரு. எழுதிக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னாலும் இதைத்தான் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். நாக்கில் பட்டதற்கு மேல் இனி என்ன பட இருக்கிறது?

ராமாமிர்தம் மயக்கம் போட்டுவிட்டாரோ என்று அவள் பயந்தாள். பிறகு அவர் குரல் வந்தது. இப்போது அதில் சட்டம் இல்லை, தேன் ஒழுகியது.

"அப்பிடியா மருமவளே... அத மொதல்லயே சொல்லப்படாதா? நானும் அதாம்மா போடறேன். ஒங்க வூட்டுச் சரக்குதான். என் வயலும் அதனாலதான் அப்பிடிக் கறுத்து நிக்குது. சரி, மீனுன்னே எழுதிக்கிறேன். வைக்கட்டா?"

வைத்துவிட்டார்.

புஷ்பவள்ளி அடக்கிவைத்திருந்த சிரிப்பு பீறிட்டது. "சட்டம் பேசறவரு வூட்லயுமா! ஐயோ, ஏங்க, அவருகிட்டயும் சத்தியம் பண்ணுனீங்களா?"

சடையப்பனும் சிரித்தார். பாதி உயிர் திரும்பி வந்த சிரிப்பு.

தில்லைநாதன் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். முன்னாலிருந்து பின்னால். பிறகு பின்னாலிருந்து முன்னால்.

"சித்தப்பாவுக்கு நான் ஒரு சொட்டுகூடக் குடுத்ததில்ல புஷ்பா."

சிரிப்பு பாதியில் நின்றது.

"வேற யாருகிட்டயாவது வாங்கியிருப்பாரு."

"வெள்ளாம்பூண்டியில வேற யாரும் காய்ச்சல. காய்ச்சுனா எனக்கு வாசனையில தெரிஞ்சிடும். அவரு வயலு நம்ம வயலு மாதிரியே கறுப்பா நிக்குதேன்னு நானும் பத்து நாளா யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். என்னாத்தப் போட்டாருன்னுதான் தெரியல."

தெரியவில்லை என்று அவன் சொன்னானே ஒழிய, மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. வெள்ளையாக, குண்டு குண்டாக, சாக்கில் வரும் ஒரே ஒரு பொருள். அது ஒரு கைப்பிடி என்றாலும் இருபத்திரண்டு குடும்பம்.

சடையப்பன் விழுந்துகிடந்த கதவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மத்தியானம் அவரு வயல்ல சோதனை. வாங்குன சரக்குன்னு சொல்லிட்டாரு. வித்தவன் கையெழுத்து இல்லாம ஃபாரம் செல்லாது மாப்ள."

"நான் போட்டுட்டா?" என்றான் தில்லைநாதன், யாரிடமோ கேட்பது போல. "ஒரு கையெழுத்துதான். போட்டுட்டா இருபத்திரண்டு பேருக்கும் சான்றிதழ் வந்துடும். போடலன்னா..."

அவன் முடிக்கவில்லை. அவன் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

ராமாமிர்தம்.

போன் நாலு முறை அடித்தது. ஐந்து முறை அடித்தது. தில்லைநாதன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எடுங்க" என்றாள் புஷ்பவள்ளி. "எடுத்து, ஸ்பீக்கர்ல போடுங்க."